நீக்க முடியாத செயலிகளை என்ன செய்வது?

நண்பர்களுக்கு வணக்கம். புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. பெட்டியைப் பிரித்தபோதே நான் கேட்காத 17 செயலிகள் உள்ளே குடியிருந்தன. பலவற்றுக்கு 'நீக்கு' பொத்தானே இல்லை. 'முடக்கு' என்பதும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. நேற்று டார்ச் செயலி என் தொடர்புகளைப் படிக்க அனுமதி கேட்டது. இருட்டில் யாரைத் தேடப் போகிறதோ!

விளம்பரதாரர்கள் என்னைப் பின்தொடர உதவும் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிட்டேன். இருப்பிட அனுமதி வரைபடத்துக்கு மட்டும், அதுவும் பயன்படுத்தும்போது மட்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் தனிப்பட்ட டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றும் சேவை) வசதியில், விளம்பரங்களைத் தடுக்கும் சேவையகம் ஒன்றைக் கொடுத்தேன். தொல்லை ஓரளவு குறைந்தது.

அடுத்து, போனைக் கணினியோடு இணைத்து, ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவி) கட்டளையால் அந்தச் செயலிகளை நீக்கலாம் என்றிருக்கிறேன். அது என் பயனர் கணக்கிலிருந்து மட்டுமே எடுக்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பது தெரியும். என் பயம் வேறு: கைதவறி முக்கியமான ஒன்றை எடுத்து, போன் தொடங்காமலே போய்விட்டால்? அங்கே செயலிகளுக்குக் காட்டும் புரியாத நீளப் பெயர்களை வைத்து எது வேண்டாத சுமை, எது உயிர்நாடி என்று எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?

ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளமான லீனியேஜ்ஓஎஸ் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதற்காக, போனைத் தொடக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் தரவு முழுவதும் அழியும், அது பரவாயில்லை. அதன் பிறகு வங்கிச் செயலி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத்தான் அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

வேறு போன் வாங்கு என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.