கோன்க் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

தென் பிரான்சில் அவேரோன் பக்கம் போகிறவர்கள் ரோதெஸ் நகரத்தோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் கோன்க் வந்துவிடும். மலைச்சரிவில் சில நூறு பேர் குடியிருக்கும் கிராமம், அதன் நடுவில் ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய புனித ஃபுவா ஆலயம். இங்கே எதற்கு இவ்வளவு பெரிய கோயில் என்று விசாரித்தால் விஷயம் ஒரு திருட்டில் போய் நிற்கிறது.

ஃபுவா, ரோமானியர் ஆட்சியில் அஜான் நகரத்தில் வேதசாட்சியாக, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக, இறந்த சிறுமி. 9ஆம் நூற்றாண்டில் கோன்க் மடத்துத் துறவி ஒருவர் அஜானுக்குப் போய், பல வருஷம் அங்கேயே நல்ல பிள்ளையாக இருந்து, கல்லறைக் காவல் தன் கைக்கு வந்ததும் திருப்பண்டத்தை (அவளுடைய உடலின் மிச்சத்தை) தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார் என்று மடத்துக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் பெருமையாக! அப்புறம் ஸ்பெயினில் இருக்கும் இயேசுவின் சீடர் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்து போகிறவர்களும் இந்த வழியாக வர, 11ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்போதைய கட்டடத்தைத் தொடங்கினார்கள். கூட்டத்தை மனதில் வைத்துப் போட்ட திட்டம் என்பது உள்ளே நடந்தாலே தெரியும், நடுவில் பூசை நடக்கும்போதே ஓரமாக நுழைந்து, பீடத்துக்குப் பின்னால் நம் ஊர்ப் பிராகாரம் மாதிரி சுற்றி வந்துவிடலாம். நடுக்கூடம் 22 மீட்டர் உயரம், அகலமோ கம்மி. கல்வளைவுக் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் மாடி எழுப்பி, அந்த மாடிக் கூரையின் அரைவளைவையே முட்டாகக் கொடுத்திருக்கிறார்கள்.

* * *

நான் லெ ப்யூ நகரத்திலிருந்து நடந்து போனேன், சுமார் 200 கிலோமீட்டர். கடைசி இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும், சொல்லிவிட்டேன்.

மேற்கு வாசலுக்கு மேலே இருக்கும் பொதுத் தீர்வைச் சிற்பத்தை (உலக முடிவில் எல்லாருக்கும் கடவுள் தீர்ப்புச் சொல்லும் காட்சி) பற்றி யாரும் சொல்லவில்லையே! 12ஆம் நூற்றாண்டு வேலை, மொத்தம் 124 உருவங்கள், பழைய வண்ணம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்சப் பக்கம் எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள், பேரரசர் சார்லமேனை ஒரு மடாதிபதி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார் (மடத்துக்கு வாரிக் கொடுத்தவராம், அதனால் சிபாரிசு). நரகத்தில்தான் சிற்பிக்குக் கை நன்றாக ஓடியிருக்கிறது. குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கஞ்சன், இன்னும் என்னென்னவோ. நடுவே ஃபுவா மண்டியிட்டிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் கைவிலங்குகள் தொங்குகின்றன. அவளை வேண்டி விடுதலையான கைதிகள் கொண்டுவந்து போட்டவை அவை. பீடத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதியே அந்தச் சங்கிலிகளை உருக்கிச் செய்தது என்று சொல்கிறார்கள். அன்று இரவு ஜெபம் முடிந்ததும் ஒரு துறவி வெளியே வந்து நின்று இதையெல்லாம் விளக்கினார், பாதி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

* * *

எல்லாம் சரி, கோயிலின் சன்னல் கண்ணாடிகள் எனக்குப் பிடிக்கவில்லை. ரோதெஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் 1987 முதல் 1994 வரை உழைத்து 104 சன்னல்களுக்குப் போட்டது. சாயமும் இல்லை, புனிதர் உருவமும் இல்லை, மங்கலான வெள்ளையும் ஈயக் கோடுகளும்தான். மதியம் பார்த்தபோது வேலை முடியாமல் விட்ட மாதிரி இருந்தது. ஊர்க்காரர்களே அப்போது எதிர்த்தார்களாம், அவர்கள் பக்கம் எனக்கு நியாயம் தெரிகிறது.

* * *

மதியம் பார்த்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பியிருப்பீர்கள்! சாயந்திரம் வரை உட்கார்ந்து பாருங்கள், ஒரே கண்ணாடியில் ஒரு பக்கம் நீலம் ஏறும், இன்னொரு பக்கம் ஆரஞ்சு. சாயம் போட்டிருந்தால் சுவரில் இருக்கும் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லும் சிவப்பு மணற்கல்லும் நிறமே தெரியாமல் போயிருக்கும். சிறுவனாக இந்தக் கோயிலைப் பார்த்துத்தான் ஓவியனாக முடிவெடுத்தேன் என்று சொன்ன மனிதர், அலட்சியமாகச் செய்திருப்பாரா?

ஃபுவாவின் தங்கச் சிலையையும் விட்டுவிடாதீர்கள். அது கோயிலுக்குள் இல்லை, பக்கத்துக் கருவூலத்தில், தனி டிக்கெட். 85 சென்டிமீட்டர்தான், உடம்பு முழுக்க யாத்ரிகர்கள் கொடுத்த கற்கள். 11ஆம் நூற்றாண்டில் ஆங்ஜே நகரத்திலிருந்து வந்த பெர்னார் என்ற படித்தவர் முதலில் இதை விக்கிரகம் என்று கேலி செய்துவிட்டு, பிறகு அவளுடைய அற்புதங்களைத் தொகுத்து எழுதவே உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சுப் புரட்சியில் மற்ற மடங்களின் தங்கமெல்லாம் உருக்கப்பட்டபோது இந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பொருட்களை எடுத்து ஒளித்து வைத்து, நிலைமை அடங்கியதும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடம்தான் இடியும் நிலைக்குப் போனது, 1837இல் அரசின் பழைய கட்டடங்களுக்கான ஆய்வாளர் மெரிமே வந்து பார்த்த பிறகே அரசு கவனித்தது.

* * *

அம்மாவுக்கு 70 வயது, கூட்டிப் போகலாமா?

* * *

போகலாம், ஆனால் காரை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும், சந்தெல்லாம் செங்குத்து, கல் பாவியது. நல்ல செருப்பு போடச் சொல்லுங்கள். ஒரு இரவு தங்குகிற மாதிரி வாருங்கள், அவசரப்பட்டு ஏறி இறங்க வேண்டியிருக்காது.