ரெண்டு கிளெய்ம், ஒரு ஸ்ட்ரைக்: எதை எதிர்க்கலாம், எதை விட்டுடணும்?

ஐந்துரோடு ரீல் (கேள்வி)

வணக்கம்ங்க. சேலத்துல இருந்து நடத்துற சின்ன யூடியூப் சேனல். புதுப்பட விமர்சனமும் மாடர்ன் தியேட்டர்ஸ் பழைய படங்களைப் பத்தின அலசலும் போடுறோம். மானிட்டைசேஷன் (விளம்பர வருமானம்) ஆன்ல இருக்கு. இந்த வாரம் மூணு வீடியோவுக்கு மூணு விதமான சிக்கல்.

முதலாவது, 12 நிமிஷ விமர்சனம். அதுல 22 செகண்ட் பாட்டு, பேச்சுக்குப் பின்னாடி ஓடுது. மியூசிக் கம்பெனி கிளெய்ம் (உரிமை கோரல்) போட்டிருக்கு. வீடியோ ஓடுது, விளம்பரக் காசு மட்டும் அவங்களுக்கு.

ரெண்டாவது, ஒரு சண்டைக்காட்சியோட எடிட்டிங் பத்தி 9 நிமிஷம். ட்ரெய்லர்ல இருந்து ஆறு துண்டா மொத்தம் 38 செகண்ட், ஒவ்வொரு துண்டையும் நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கு. இதைத் தயாரிப்புத் தரப்பு தூக்கிட்டாங்க, சேனல் மேல ஸ்ட்ரைக் (காப்பிரைட் எச்சரிக்கை) விழுந்துடுச்சு. கூடவே ஒரு மெயில்: வருஷ லைசென்ஸ் வாங்குனா ஸ்ட்ரைக் வாபஸ், இல்லேன்னா கேஸ்.

மூணாவது, 1961ல வந்த 'குமுதம்' படத்தைப் பத்தினது. பழைய படங்களை ஏத்துற ஒரு சேனல் காட்சிகளுக்குக் கிளெய்ம் பண்ணுது.

டிஸ்கிரிப்ஷன்ல 'ஃபேர் யூஸ், செக்‌ஷன் 107'னு போட்டிருக்கு. அனுமதி இல்லாமலே கொஞ்சம் எடுத்தாளலாம்ங்கிற விலக்கு அது, போதாதா? கிளெய்மை எதிர்த்து டிஸ்ப்யூட் பண்ணித் தோத்தா ஸ்ட்ரைக் வருமா? வீட்டு முகவரி கொடுக்கணும்ங்கிறாங்களே, நெசமா?


டைம்லைன்

மூணும் மூணு வேற நோய்ங்க, ஒரே மாத்திரை கிடையாது.

முதல் வீடியோவும் மூணாவதும் கன்டென்ட் ஐடிங்கிற யூடியூபோட தானியங்கி முறையில வந்த கிளெய்ம். மெஷின் தன்கிட்ட இருக்கிற கோப்போட ஒப்பிட்டுப் பார்த்துப் போட்டது. சேனலுக்குக் கெட்ட பேர் இல்லை, காசுதான் போகும். ரெண்டாவது, ஒரு ஆள் படிவம் நிரப்பி அனுப்பின டேக்டவுன், அதாவது வீடியோவை நீக்கச் சொல்ற கோரிக்கை. 90 நாளுக்குள்ள இப்படி மூணு விழுந்தா சேனலே போயிடும்.

கிளெய்முக்கு டிஸ்ப்யூட் போட்டா எதிர்த்தரப்புக்கு 30 நாள். அதுக்குள்ள பதில் சொல்லலேன்னா கிளெய்ம் தானா போயிடும். அவங்க 'முடியாது'ன்னு திருப்பிப் போட்டா நீங்க அப்பீல் போகலாம், அதுக்கு அவங்களுக்கு 7 நாள். பலர் வழுக்கி விழுறது இந்த இடத்துலதான். அப்பீலை மறுக்கணும்னா அவங்க டேக்டவுன் கொடுத்தே ஆகணும், அது ஸ்ட்ரைக். உடனே எடுக்காம 7 நாள் தவணை வச்சு டேக்டவுன் கொடுத்தாங்கன்னா, அந்த 7 நாளுக்குள்ள அப்பீலை வாபஸ் வாங்கித் தப்பிக்கலாம். டிஸ்ப்யூட் கட்டத்திலேயே கூட நேரடியா டேக்டவுன் அனுப்ப அவங்களுக்கு வழி இருக்கு. அதனால 'டிஸ்ப்யூட்தானே, சும்மா போட்டுப் பார்ப்போம்'னு போடாதீங்க.

காசு விஷயம்: கிளெய்ம் வந்த 5 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் போட்டா, கிளெய்ம் விழுந்த முதல் நாள்ல இருந்து வர்ற வருமானம் தனியா நிறுத்தி வைக்கப்படும், ஜெயிச்சவங்களுக்குப் போகும். 5 நாள் தாண்டினா டிஸ்ப்யூட் போட்ட தேதியில இருந்துதான் கணக்கு. விமர்சன வீடியோவுக்குப் பார்வை முழுக்க முதல் வாரம்தான், அதனால இந்த 5 நாள் பெரிய விஷயம்.

22 செகண்ட் பாட்டுக்கு என் யோசனை: சண்டை போடாதீங்க. பாட்டைப் பத்திப் பேசலை, பாட்டு மேல பேசியிருக்கீங்க. யூடியூப் ஸ்டூடியோவுல அந்தக் கிளெய்மைத் திறந்தா பாட்டை மட்டும் அழிக்கிற வசதி இருக்கு, பேச்சு நிக்கும். குரல் கொஞ்சம் தகரமாக் கேட்டா அந்தத் துண்டையே வெட்டிடுங்க. லிங்கும் பார்வை எண்ணிக்கையும் மாறாது, கிளெய்மும் போயிடும்.


கட்டுவட்டி_எடிட்ஸ்

ப்ரோ சிம்பிள். எந்தக் கிளிப்பும் 10 செகண்டுக்கு மேல போகக்கூடாது, அவ்ளோதான். வீடியோவை மிரர் பண்ணி, 5 சதவீதம் ஜூம், ஆடியோ பிட்ச் கொஞ்சம் ஏத்துங்க. மெஷின் கண்டுபிடிக்காது.


கருப்புக்கோட்டு

மேலே சொன்னதை யாரும் செய்துவிடாதீர்கள். 10 செகண்ட் விதி, 30 செகண்ட் விதி என்று நம் சட்டத்திலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. மிரர் பண்ணுவது அதைவிட மோசம். நாளைக்கு 'விமர்சனத்துக்காக நேர்மையாக எடுத்தாண்டேன்' என்று சொல்ல வேண்டிய ஆள், பிடிபடாமல் இருக்கப் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் அந்த நேர்மையை யார் நம்புவார்?

செகண்ட் கணக்கு ஏன் உதவாது என்பதற்கு 2017இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்த ஹுசைன்சாதே எதிர் க்ளைன் வழக்கைப் பாருங்கள். மூல வீடியோ 5 நிமிடம் 24 செகண்ட். அதில் 3 நிமிடம் 15 செகண்டை, அதாவது பாதிக்கு மேல், ரியாக்‌ஷன் வீடியோவில் போட்டிருந்தார்கள். அப்படியும் ஃபேர் யூஸ் என்று தீர்ப்பு வந்தது. காரணம், அவர்களுடைய வீடியோ ஏறக்குறைய 14 நிமிடம். கொஞ்சம் காட்டி, நிறுத்தி, அந்தக் காட்சியையே கிழித்து, மறுபடி கொஞ்சம் காட்டினார்கள். அதே தீர்ப்பு, எல்லா ரியாக்‌ஷன் வீடியோவுக்கும் இது பொருந்தாது என்றும் சொல்கிறது. கூட்டமாக உட்கார்ந்து படம் பார்ப்பது போல, விமர்சனமே இல்லாமல் ஓடவிடும் வீடியோக்களும் இருக்கின்றன, அவை வேறு.

இனி டிஸ்கிரிப்ஷனில் உள்ள 'செக்‌ஷன் 107'. அது அமெரிக்கச் சட்டம். நம் ஊரில் ஃபேர் யூஸ் இல்லை, ஃபேர் டீலிங். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏ). வித்தியாசம் பெயரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நான்கு அளவுகோலை வைத்து எந்த நோக்கத்தையும் எடைபோடலாம். இங்கே நோக்கம் சட்டத்தில் எழுதியிருப்பவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும்: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன், விமர்சனம் அல்லது திறனாய்வு, நடப்புச் செய்தி. நகைச்சுவை, டிரோல் என்ற தலைப்பே அந்தப் பட்டியலில் இல்லை. அதை விமர்சனம் என்ற கதவு வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 1996இல் சிவிக் சந்திரன் வழக்கில் அப்படித்தான் ஒரு எதிர்நாடகத்தை அனுமதித்தது. எடுத்த அளவு விமர்சனத்தோடு ஒப்பிட எவ்வளவு, எதற்காக எடுத்தார்கள், மூலப் படைப்புக்குச் சந்தையில் போட்டியாகுமா என்ற மூன்றும் அங்கே பார்க்கப்பட்டன. உங்கள் வீடியோவை இந்த மூன்றிலும் வைத்து உரசிப் பாருங்கள்.

அந்த வகையில் உங்கள் ரெண்டாவது வீடியோ வலுவானது. எடிட்டிங்கைப் பற்றிப் பேச அந்த வெட்டுகளைக் காட்டாமல் முடியாது. 9 நிமிடத்தில் 38 செகண்ட், ட்ரெய்லருக்குப் பதிலாக யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஆனால் வலுவான நியாயம் இருக்கிறது என்பதற்காக உடனே கவுண்டர் நோட்டிஃபிகேஷன் (நீக்கியது தவறு என்ற எதிர் மனு) பட்டனை அழுத்தாதீர்கள். அதில் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். அவை அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். 'நெசமா' என்று கேட்டீர்கள், நெசம்தான். வீட்டு முகவரி வேண்டாமென்றால் வழக்கறிஞர் உங்கள் சார்பில் அனுப்பலாம். இன்னொரு வாசகமும் அதில் உண்டு: அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், யூடியூப் இருக்கும் பகுதியின் கூட்டாட்சி நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்கிறார். அதாவது அஸ்தம்பட்டி கோர்ட் இல்லை, கலிஃபோர்னியா. அனுப்பிய பிறகு, 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை எதிர்த்தரப்பு காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் நீங்கும். சென்னையில் இருக்கும் தயாரிப்பாளர் 38 செகண்டுக்காக அங்கே போய் வழக்குப் போடும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

மெயில் விஷயம் தனி. 'கேஸ் போடுவோம்' என்று வெறுமனே மிரட்டினால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 60இன் கீழ் மிரட்டப்பட்டவரே நீதிமன்றத்துக்குப் போகலாம். மிரட்டல் ஆதாரமற்றது என்று அறிவிக்கவும், அதை நிறுத்தவும், நட்ட ஈடும் கேட்கலாம். ஒரு ஓட்டை உண்டு. எதிர்த்தரப்பு தாமதிக்காமல் உண்மையிலேயே வழக்குத் தொடர்ந்துவிட்டால் அந்தப் பிரிவு உதவாது.


பழையபிரிண்ட்

குமுதம் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்களே. ஏற்காடு ரோட்டுல அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிக்குது, படத்துக்கு ஊரெல்லாம் உரிமையாளர்!

திரைப்படத்துக்கு நம்ம சட்டத்துல 60 வருஷம். வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரி 1ல இருந்து எண்ணணும். 1961 படம்னா 1962 ஜனவரி 1ல தொடங்கி 2021 டிசம்பர் 31ல முடிஞ்சுது. ஒலிப்பதிவுக்கும் இதே 60. ஆனா மெட்டும் பாட்டு வரியும் வேற கணக்கு: எழுதினவர் இறந்த வருஷத்துக்கு அப்புறம் 60. குமுதத்துக்கு இசை கே.வி. மகாதேவன், 2001ல மறைஞ்சார். அப்ப மெட்டு 2061 முடிய உயிரோட இருக்கு. வசனத்துக்கும் இதே மாதிரி எழுதினவரோட ஆயுள் கணக்குதான். படச்சுருள் பொதுச்சொத்து, பாட்டு பொதுச்சொத்து இல்லைன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. பாட்டுக் காட்சியை முழுசா ஓட்டாதீங்க.

டிஸ்ப்யூட் படிவத்துல காரணம் கேட்கும்போது 'பொதுச்சொத்து'ங்கிற தேர்வு இருக்கு, அதை எடுங்க. வெளியான வருஷமும் மேல சொன்ன தேதிக் கணக்கும் எழுதுங்க. கிளெய்ம் பண்ணின சேனல் அதே பிரிண்டைக் கலர் சரிபண்ணி, மூலையில லோகோ போட்டு ஏத்தியிருந்தா, கிளிப்பை அவங்க கோப்புல இருந்து எடுத்தீங்களான்னு பாருங்க. லோகோ தெரியுதுன்னா வம்பு. வேற மூலத்துல இருந்து எடுத்து மாத்துங்க.

கருப்புக்கோட்டு சார், ஒண்ணு சரிபாருங்க: அமெரிக்காவுல இந்தப் படம் இன்னும் உரிமைக்குள்ளதானே?


கருப்புக்கோட்டு

சரியாகப் பிடித்தீர்கள். 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமை காலாவதியாகாத வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா உரிமையைத் திருப்பிக் கொடுத்தது, அங்கே வெளியீட்டிலிருந்து 95 வருடம். 1961 படம் அங்கே 2056 முடியும்வரை காப்பில் இருக்கும். எனவே குமுதத்துக்கு டிஸ்ப்யூட் வரை போகலாம், எதிர்த்தரப்பு உண்மையில் உரிமையாளர்தானா என்றே சந்தேகம் இருக்கிறதே. 'பொதுச்சொத்து' என்ற ஒரே வாதத்தை நம்பிக் கலிஃபோர்னியா வரை போக வேண்டாம். கூடவே 'விமர்சனத்துக்காக' என்ற காரணத்தையும் விளக்கத்தில் சேருங்கள்.


ஐந்துரோடு ரீல்

ரொம்ப நன்றிங்க. பாட்டை அழிச்சாச்சு, கிளெய்ம் போயிடுச்சு. ஸ்ட்ரைக் வீடியோவை டெலிட் பண்ணிட்டா ஸ்ட்ரைக் போகுமா? அந்த லைசென்ஸ் மெயிலுக்கு என்ன பதில் எழுதுறது? தெரிஞ்ச தம்பி ஒருத்தன் அடுத்த படத்துக்கு முதல் காட்சியில டைட்டில் கார்டை ஃபோன்ல எடுத்துத் தர்றேங்கிறான், அதைப் போடலாமா?


டைம்லைன்

டெலிட் பண்ணாதீங்க! ஸ்ட்ரைக் அப்படியேதான் நிக்கும், எதிர்க்கிற வழிதான் அடைபடும். ஸ்ட்ரைக் போக மூணே வழி: காப்பிரைட் ஸ்கூல் (யூடியூபோட காப்பிரைட் பாடம்) முடிச்சு 90 நாள் காத்திருக்கிறது, எதிர்த்தரப்பு வாபஸ் வாங்குறது, கவுண்டர். இது முதல் ஸ்ட்ரைக்னா ஸ்கூலை இன்னைக்கே முடிச்சு வைங்க, அதுக்கும் கவுண்டருக்கும் முட்டாது.

அடுத்த வீடியோவுல இருந்து பட ஆடியோவைத் தனி டிராக்ல வைங்க. கிளெய்ம் வந்தா பேச்சைத் தொடாம அதை மட்டும் எடுத்துடலாம். நிறைய கிளெய்ம் காட்சிக்கு வர்றதில்லை, வசனத்துக்கு அடியில ஓடுற பிஜிஎம்முக்கு வருது. பேசும்போது கிளிப்பை ஓடவிடாம ஸ்டில்லா நிறுத்துங்க. வெறும் இடம் நிரப்ப கிளிப் வேணும்னா அது விமர்சனம் இல்லை. அங்க நீங்களே எடுத்த ஷாட் போடுங்க. பழைய பட வீடியோவுக்கு அந்த வளைவும் ஏற்காடு மலைப்பாதையும் போதும்ங்க. ஏத்தும்போது பிரைவேட்ல ஏத்தி, யூடியூப் தானா பண்ற காப்பிரைட் சோதனை முடியுறவரை காத்திருங்க. அது பச்சை காட்டினாலும் கையால போடுற டேக்டவுன் பின்னாடி வரலாம், அதை எந்த மெஷினும் முன்கூட்டிச் சொல்லாது. படத்தோட பி.ஆர்.ஓ. கிளிப், ஸ்டில் அனுப்பினா அந்த மெயிலை அழிக்காதீங்க, அதுதான் உங்க அனுமதிச் சீட்டு.


கருப்புக்கோட்டு

டைட்டில் கார்டு வேண்டவே வேண்டாம். 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டப்படி தியேட்டரில் அனுமதியின்றிப் பதிவு செய்தாலே 3 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம். மாட்டுவது அந்தத் தம்பியும்தான்.

மெயிலுக்குப் பணம் பற்றிய பேச்சே எடுக்காமல் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்த நேரக்குறியீட்டில் உள்ள எந்தப் பகுதி, அதன் உரிமை ஆவணம் யாரிடம், டேக்டவுன் அனுப்புமுன் விமர்சன விலக்கைப் பரிசீலித்தார்களா. அமெரிக்காவில் லென்ஸ் என்பவர் தொடுத்த வழக்கில் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதைத்தான், ஃபேர் யூஸைப் பரிசீலிக்காமல் டேக்டவுன் அனுப்பக் கூடாது. ஃபோனில் பேசக் கூப்பிட்டால் மெயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக்கை வைத்து லைசென்ஸ் விற்பது புதிதில்லை. 2025 மே மாதம் மோகக் மங்கல் என்ற யூடியூபர் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனத்தின் மீது இப்படிப் பகிரங்கமாகக் குற்றம்சாட்ட, அந்நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது. வீடியோவில் சில சொற்களை அவர் நீக்க வேண்டி வந்தது. ஆகவே இந்த மெயிலைக் காட்டி வீடியோ போடும் ஆசை வந்தால், பெயரையும் வசைச்சொல்லையும் விட்டுவிட்டுப் பேசுங்கள்.

கவுண்டரில் எழுத ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்: 'இந்த வீடியோ 9 நிமிடம். ட்ரெய்லரிலிருந்து ஆறு துண்டுகள், மொத்தம் 38 செகண்ட். ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்து அதே துண்டின் வெட்டு, கேமரா நகர்வு ஆகியவை பற்றிய விமர்சனம் வருகிறது (கீழே நேரக்குறியீடுகள்). துண்டுகளில் மூல இசை இல்லை. இது ட்ரெய்லருக்கு மாற்றாகாது. விமர்சனத்துக்கான பயன்பாடு என்பதால் நீக்கியது தவறு என நல்லெண்ணத்துடன் நம்புகிறேன்.' இசை இல்லை என்ற வரியை, உண்மையிலேயே இல்லாவிட்டால் மட்டும் வையுங்கள். பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்ற உறுதிமொழியோடுதான் அந்தப் படிவம் போகிறது.


ஐந்துரோடு ரீல்

நாலாவது துண்டுல 4 செகண்ட் பிஜிஎம் இருக்குங்க. அந்த வரியை எடுத்துட்டு அனுப்புறேன். வக்கீல் முகவரியிலேயே போகட்டும்.