த்ரில்லர் நாவலும் நம்ம வாசகர் வட்டமும்: வாசித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாகர்கோவிலிலிருந்து:
அடுத்த கூட்டத்துக்கு ஒரு த்ரில்லர் எடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. எது என்பதில்தான் இழுபறி. பட்டியல் போட வேண்டாம். வாசித்தபோது உங்களுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் போதும். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

குலசேகரத்திலிருந்து:
2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கடற்கரையில் நடந்ததை நினைத்தால் நாவல் வாசித்த கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்தது அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்', 1939-இல் வந்தது. தீவுக்கு வந்த பத்துப் பேர், புயலில் படகும் வராது, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒரே பிரதியைப் பகலில் நான், ராத்திரி மெழுகுவர்த்தியில் அக்கா என்று மாற்றி மாற்றி வாசித்தோம். எப்போதும் அவளுக்கு முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு பெயராகச் சொல்லி என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு!

ஆனால் வட்டத்துக்கு இது வேண்டாம் என்பேன். பிற்பாடு வேலை இடத்து நண்பர்களோடு இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். ஆள் யார் என்று தெரிந்துவிட்டதால் டீ ஆறுவதற்குள் பேச்சு தீர்ந்துபோனது.

தக்கலையிலிருந்து:
அப்படியென்றால் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' எடுங்கள். ஜப்பானில் 2005-இல் வந்தது. கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடக்கிறது, செய்தவர் ஒரு பெண், அதில் ரகசியமே இல்லை. அவர் பக்கத்து வீட்டுக் கணக்கு சார் அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் கதை. எங்கள் வீட்டுக்காரரும் கணக்கு சார்தான். "என்ன மூளை பாரு" என்று அவர் ஆரம்பித்தார். "அந்தப் பொம்பளைக்கு இதில் சம்மதமான்னு யாராவது கேட்டாங்களா?" என்று நான். தக்கலையில் பஸ் ஏறும்போது தொடங்கிய சண்டை, வடசேரியில் இறங்கியும் முடியவில்லை. வாசித்து முடித்த பிறகுதான் சண்டையே தொடங்குகிறது, அதனால் கூட்டத்துக்குத் தாங்கும்.

முட்டத்திலிருந்து:
எனக்கு டாஃப்னி டு மாரியரின் 'ரெபெக்கா', 1938. கதை சொல்லும் பெண்ணின் பெயர் கடைசிவரை வராது. முதல் பாதி மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும். பிறகு கடலடியில் ஒரு படகு கிடைக்கிறது, விசாரணை நடக்கிறது. அந்தப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் சாட்சி சொல்ல வருகிறார். அவருக்குச் செத்தவரைவிடத் தன் வேலைக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாது என்பதுதான் கவலை.

அந்த இடத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அப்பா வாழ்க்கை பூராவும் கடலுக்குப் போனவர். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. "பலகையில கோளாறு இல்லன்னா அது எப்படி மக்கா முங்கும்? கடைசியா அதுல ஏறினது யாரு?" என்று கேட்டார். கதையில் அந்தச் சந்தேகம் வருவதற்கு முன்னாலேயே! இதற்கு மேல் சொன்னால் நாகர்கோவில்காரர் அடிக்க வருவார்.

நாகர்கோவிலிலிருந்து:
வருவேன்தான். சரி, தக்கலை சொன்னதும் முட்டம் சொன்னதும் போட்டியில் இருக்கட்டும். ஆனால் வட்டத்தில் தமிழில் மட்டும் வாசிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களை விட்டுவிட முடியாது. எனக்கு ராஜேஷ்குமார் மாத நாவல்கள் பஸ் பயணத்துக்குச் சரி, ரெண்டு மணி நேரம் பேசக் காணாது. அந்த வகையில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பரவாயில்லை. குமுதத்தில் தொடராக வந்தபோது, வாராவாரம் பத்திரிகைக்காக வீட்டில் அடிபிடி நடந்ததாக என் சித்தி இன்னும் சொல்வார். பேயா விஞ்ஞானமா என்று அதில் வரும் வக்கீல் கணேஷும் அவர் உதவியாளர் வசந்தும் இழுத்துக்கொள்வது போலவே நம்ம ஆட்களும் ரெண்டு கட்சியாகப் பிரிவார்கள். என் ஓட்டு அதற்கு. முதல் கூட்டத்துக்குப் பாதிவரை மட்டும் வாசித்துவிட்டு வாருங்கள், அவரவர் ஊகத்தைச் சீட்டில் எழுதி வாங்கி வைக்கிறேன். மீதிப் பாதி அடுத்த கூட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டைச் சொல்லிவிடுங்கள், பிரதி ஏற்பாடு செய்ய வேண்டும்.