ஏலக்கூடச் சுவரில் திமிங்கலம்: எதை வரைவது, எந்தக் கதையைச் சொல்வது?

கேள்வி: ஓவிய ஆசிரியை, முட்டம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தின் நீளமான பக்கச் சுவரில் திமிங்கலப் பாதுகாப்பு குறித்து மாணவர்களைக் கொண்டு ஓவியம் வரைய ஊரார் இசைவு தந்திருக்கிறார்கள். திருவிழாக் கலைநிகழ்ச்சியில் அரை மணி நேரம் கதை சொல்லவும் தேவாலயத்தின் பங்குப்பேரவை இடம் ஒதுக்கியுள்ளது.

மாதிரிப் படம் வரைந்து வரச் சொன்னபோது, ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் பனிப்பாறைக்கு முன்னால் வாலைத் தூக்கி நிற்கும் திமிங்கலத்தையே வரைந்து வந்தார்கள். ஒரு பையன் மட்டும் தன் தகப்பனாரின் படகைப் பதிவெண்ணோடு வரைந்து, அதன் அருகே தண்ணீர் மட்டத்தில் ஒரு கரிய முதுகைத் தீட்டியிருந்தான். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதன் கீழே அவன் எழுதியிருந்த வாசகம் "திமிங்கலங்களைக் கொல்லாதீர்" என்பது. மீனை எடைபோட வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் படித்தால், "நாங்கள் எப்போது கொன்றோம்?" என்றுதான் கேட்பார்கள்.

குற்றம் சாட்டாமல், அதே சமயம் வெறும் அலங்காரமாகவும் போய்விடாமல், நம் கடலுக்கு உரிய உண்மைக் கதை எதைச் சொல்லலாம்? மாணவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம்? கன்னியாகுமரியிலிருந்து படகு பிடித்துத் திமிங்கலம் பார்க்கப் போகலாம் என்று சிலர் யோசனை கூறுகிறார்கள்.

மறுமொழி: தங்கல் தொழிலாளி, தூத்தூர்

டீச்சருக்கு வணக்கம். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பவன் நான். அந்தப் பையனின் படத்தையே சுவருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திமிங்கலத்தைக் காண்பது அப்படித்தான். வால் தெரிவது அபூர்வம். முதலில் தெரிவது மூச்சு. நீலத் திமிங்கலத்தின் மூச்சு செங்குத்தாக 30 அடி உயரம் வரை எழும்பும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மூச்சுத் துளை தலையின் முன்பக்கத்தில், இடப்புறமாக ஒதுங்கி இருப்பதால் அதன் மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து, புதர் போலப் பரந்து வரும். வெகு தொலைவிலிருந்தே இதைக் கொண்டு வேறுபாடு சொல்லிவிடலாம். மூச்சைச் சரியாக வரைந்தால் எங்கள் ஆட்கள் சுவரின் முன் நின்று பார்ப்பார்கள். தவறாக வரைந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வாசகத்தைப் பொறுத்தவரை, கொல்லாதே என்று எங்களிடம் சொல்வதில் பொருளில்லை. திமிங்கலத்தைத் தேடிப் போகிறவர் எவரும் இங்கே இல்லை. வலையில் தானாக வந்து மாட்டும்போது என்ன செய்வது என்பதுதான் எங்கள் சிக்கல். வலையை அறுத்தால் உயிர் பிழைக்கும். ஆனால் அறுத்த வலைக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது? இதற்கு விடை கண்ட இடம் குஜராத். அங்கே திமிங்கலச் சுறாவைக் கொக்கி எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு சட்டம் அதைத் தடுத்தது. ஆனாலும் மனம் மாறியது 2004-இல் தொடங்கிய பரப்புரைக்குப் பிறகுதான். மொராரி பாபு என்ற கதாகாலட்சேபக்காரர், அந்தச் சுறா பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு தேடி வருகிற நம் மகள் என்று ஊர் ஊராகச் சொன்னார். உயிரளவுக்குக் காற்றடைத்த உருவத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள், தெருநாடகம் போட்டார்கள். அத்துடன் நில்லாமல், சுறாவை விடுவிக்க அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடும் கொடுத்தது. பிடித்தவர்களே பிறகு விடுவிக்கிறவர்களானார்கள். அது மீன்தானே, திமிங்கலம் இல்லையே என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லிவிட்டுப் போகட்டும், வழி ஒன்றுதான். இழப்பீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் கதையை மட்டும் கொண்டுவந்தால், கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம்.

மறுமொழி: கடல் உயிரியல் ஆய்வு மாணவர், நாகர்கோவில்

ஆசிரியை கேட்ட உண்மைக் கதை ஒன்று இருக்கிறது. பனிப்பாறையைச் சுவரிலிருந்து அகற்றுவதற்கும் அதுவே காரணமாக அமையும்.

அரபிக் கடலில் வாழும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் துருவக் கடலுக்குப் போவதே இல்லை. மற்ற கூன்முதுகுகள் குளிர்க் கடலில் இரைதேடி, வெப்பக் கடலில் குட்டி ஈனும்போது, இவை இரண்டையும் இங்கேயே முடித்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக ஏனைய கூட்டங்களோடு கலவாமல் தனித்திருப்பவை என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. ஓமன் கரையில் எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது.

அவற்றுள் லூபான் என்று பெயரிடப்பட்ட பெண் திமிங்கலத்தின் மீது 2017 நவம்பரில் ஓமனின் மசிரா வளைகுடாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டது. அது ஓமன் கரையிலேயே சுற்றித் திரியும் என்று எதிர்பார்த்திருந்தபோது, அரபிக் கடலைக் குறுக்காகக் கடந்து கோவாவுக்கு எதிரே வந்து, கேரளக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, நம் தென்முனையைச் சுற்றி மன்னார் வளைகுடா வரை வந்துவிட்டு, பின்னர் ஓமனுக்கே திரும்பியது. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் எதிரே உள்ள கடலை அது கடந்துதான் போயிருக்க வேண்டும். தூத்தூர்ப் படகுகள் ஓமன் திசையில் போகிற பாதையையும் இந்தத் திமிங்கலத்தின் பாதையையும் ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக வரைந்தால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

"நாங்கள் எப்போது கொன்றோம்" என்ற கேள்விக்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. 1960-களின் நடுப்பகுதியில் சோவியத் கப்பல்கள் சட்டத்துக்குப் புறம்பாக அரபிக் கடலில் புகுந்து இந்தக் கூட்டத்தில் மட்டும் 242 திமிங்கலங்களைக் கொன்றன. பல பத்தாண்டுகள் மறைக்கப்பட்டிருந்த கணக்கு அது. 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1982-இல் எடுத்த முடிவின்படி 1986 முதல் வணிக வேட்டைக்கு உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. இன்றைய ஆபத்துகள் வலை, கப்பல், இரைச்சல் ஆகியவை. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் மீன்பிடிப் பகுதியில் எண்ணெய் தேடுவதற்கு நம் மீனவர்கள் காட்டும் எதிர்ப்பில் திமிங்கலத்துக்கும் பங்குண்டு: கடலடியில் எண்ணெய் உள்ளதா என்று அறியும் அதிர்வலை ஆய்வுக்காகக் கடலுக்குள் வெடிக்கும் காற்றுத் துப்பாக்கிகளின் ஓசை, ஒலியால் வழிகாணும் விலங்குகளை நெடுந்தொலைவுக்குக் குழப்பிவிடும்.

பயணம் குறித்து: கன்னியாகுமரியிலிருந்து படகில் அழைத்துச் செல்வதை நான் ஆதரிக்கவில்லை. முறைப்படுத்தப்பட்ட திமிங்கலச் சுற்றுலா இங்கே கிடையாது. துரத்திப் போகும் படகு குட்டியையும் தாயையும் பிரித்துவிடக்கூடும். கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள திமிங்கல எலும்புகளை முதலில் காட்டுங்கள். பிள்ளைகள் அவற்றை அருகில் இருந்து பார்த்து வரைந்தாலே அளவு பிடிபட்டுவிடும். வசதி இருந்தால் இலங்கையின் மிரிசாவுக்குப் போகலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே நீலத் திமிங்கலம் காணக் கிடைக்கும். அதே கடலில்தான் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் செல்லும் பாதையும் உள்ளது. கப்பல் மோதி இறந்தவை பல. அதன் விளைவாக எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை மேலும் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. அந்த விலகலையும் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்ட வேண்டும்.

மறுமொழி: வில்லிசைக் கலைஞர், சுசீந்திரம்

லூபான் கதையைப் படித்ததும் எனக்குக் கை பரபரக்கிறது. வில்லுப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. ஊர்விட்டு ஊர் வந்து, கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புகிறவளின் கதை நம் அம்மன் கதைகளின் போக்கிலேயே இருக்கிறது. குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டையான அடிப்பானை மெல்ல அடித்து எழுப்பும் கனத்த ஓசையே திமிங்கலத்தின் குரலாக நிற்கும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர் 1970-இல் கூன்முதுகின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்ட பிறகுதான் உலகத்தின் காது அந்தப் பக்கம் திரும்பியது. வேட்டைக்கு எதிரான இயக்கத்துக்கு அது பெரிய உந்துதலாக இருந்தது. ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் சற்று நேரம் கேட்கவிட்டு, அதன் பிறகு குடத்தைத் தொடங்கலாம்.

நகைச்சுவைக்கு அம்பர் இருக்கிறது. கணவாயின் அலகு செரிக்காமல் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் திரண்டு உருவாகும் அந்தக் கட்டிக்கு, கிலோ ஒரு கோடி என்று காதில் ஓதும் தரகர் ஒருவரைப் பின்பாட்டுக்காரரே நடித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் ஊராரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. அதற்குப் பிந்திய வாரங்களில்தான் லூபான் இந்தக் கடலுக்கு வந்திருக்கிறது. கதையில் இதைச் சேர்க்கலாமா?

மறுமொழி: தங்கல் தொழிலாளி, தூத்தூர்

ஐயா, தேதியைச் சொல்லுங்கள்; அதற்கு மேல் போக வேண்டாம். புயலில் காணாமல் போன மீனவர்களைத் தேடித்தான் திமிங்கலம் வந்தது என்பது போன்ற வரி ஏதும் வந்தால், அவர்களுடைய வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்பர்க் காட்சி கட்டாயம் வேண்டும். வைத்திருப்பதே குற்றம், மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை என்பது தெரியாமல் இளைஞர்கள் தரகர்களிடம் சிக்குகிறார்கள். 2022-இல் விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் மிதந்த 28 கிலோ கட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து கடலோரக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். பின்பாட்டுக்காரர் தரகராக வந்தால், பாட்டுக்காரர் விழிஞ்ஞத்துக்காரராக இருந்து அவரை மடக்கட்டும்.

மறுமொழி: கடல் உயிரியல் ஆய்வு மாணவர், நாகர்கோவில்

கதைக்குள் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 1973 ஜனவரியில் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. படகில் கட்டி ஆழத்தில் விட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன, ஏனெனில் அவை கூட்டத்தைப் பிரியாத விலங்குகள். நம் கரையிலும் அது நேரலாம். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது, மூச்சுத் துளையில் மணலோ தண்ணீரோ புகவிடக் கூடாது, ஈரத்துணி போர்த்தி நிமிர்ந்த நிலையில் வைத்து வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும். இவை நான்கையும் சுவரின் ஒரு மூலையில் சிறு படங்களாகத் தீட்டினால், தேவைப்படும் நாளில் யாரும் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மறுமொழி: ஓவிய ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மசிராவிலிருந்து மன்னார் வளைகுடா வரை சுவரின் முழு நீளத்துக்கும் லூபானின் பாதை ஒரு நீலக்கோடாக ஓடும். படகுகளின் பாதை சிவப்பு. "கொல்லாதீர்" வாசகத்தை எடுத்துவிட்டு, வலை இழப்பீடு கோரும் மனுவின் வாசகத்தை எழுதலாம் என்று அந்தப் பையனே சொல்கிறான்; பங்குப்பேரவையிடம் அதற்கு ஒப்புதல் கேட்டிருக்கிறேன். தூத்தூர் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் கரையில் இருக்கும் நாளில் வந்து, பிள்ளைகள் வரைந்த மூச்சுகளைச் சுண்ணக்கட்டியால் திருத்திக் கொடுத்தால், அதன் பிறகே வண்ணம் பூசத் தொடங்குவோம்.