அப்பா தன் ஓட்டைத் தானே போட வழி உண்டா?

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்:
அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. 2022 நவம்பர் 19 மலேசியப் பொதுத் தேர்தலுக்கு நான்தான் கூடப் போனேன். எங்கள் பேராக் மாநிலத்தில் சட்டமன்றத்துக்கும் அன்றே ஓட்டு, ஆக இரண்டு தாள். நான் எக்ஸ் போடும்போது பேனா உரசுகிற சத்தத்தைக் கேட்டு, "இது எந்தத் தாள்மா?" என்றார். யாருக்கு ஓட்டு என்று அம்மாவிடம்கூடச் சொல்லாத மனுஷர், என் காதில் கட்சிப் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. வீடு வரும்வரை பேசவே இல்லை. அடுத்த முறை அவரே குறிக்க முடியுமா?

பழைய கெரானி:
தேர்தல் வேலை பார்த்தவன் நான், அம்மா. நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், இல்லையென்றால் சாவடித் தலைவர் குறித்துக் கொடுப்பார். வேறு வழியை நான் பார்த்ததில்லை. அப்பாவின் மனக்குறை நியாயமானதுதான்.

மதுரைத் தம்பி:
அக்கா, இந்தியாவில் வாக்கு இயந்திரப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பிரெயில் எண் இருக்கும். வேட்பாளர் பட்டியலும் பிரெயிலில் உண்டு. தடவிப் படித்துத் தானே அழுத்தலாம்.

தோட்டத்து மகள்:
அப்பாவுக்குப் பிரெயில் தெரியாது, தம்பி. வயதான பிறகுதான் பார்வை போனது.

பீடோர் ஓகேயு:
நான் ஓகேயு, அதாவது ஊனமுற்றவன்; சக்கர நாற்காலியில் போய் ஓட்டுப் போடுபவன், தங்கச்சி. பிரிட்டனில் வாக்குத்தாள் மேல் ஒட்டும் ஒரு சாதனம் உண்டு. புடைத்த எண் போட்ட மூடிகள் இருக்கும், தூக்கினால் கீழே கட்டம். ஆனால் எந்த எண் யாருடையது என்று அது சொல்லாது. 2019-ல் அங்கே உயர் நீதிமன்றமே அது போதாது என்று தீர்ப்பளித்தது. அதனால் வரிசையைக் காதால் கேட்கும் வசதியும் சேர்த்துக் கேட்க வேண்டும். மலேசியா 2010-ல் ஏற்றுக்கொண்ட, ஊனமுற்றவர்களின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, அவர்களுக்கும் ரகசிய வாக்கு உண்டு என்கிறது. அதைக் காட்டித் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தோட்டத்து மகள்:
நேற்று ராத்திரி மைலோ பெட்டி அட்டையில் ஐந்து கட்டம் வெட்டி, தாள்மேல் வைத்துக் கொடுத்தேன். அப்பா விரலால் மேலிருந்து எண்ணி, நாலாவதில் எக்ஸ் போட்டார். கோடு கட்டத்தைத் தாண்டவில்லை. "இன்னொரு தாள் கொடு" என்றார். கடிதத்தை மலாயில் எழுத வேண்டுமே, அண்ணே, கொஞ்சம் பார்த்துத் தருவீர்களா?