அமைப்பின் பெயர் 40 இடத்தில் வருகிறது, ஒரே இடத்தில் மாற்ற வழி உண்டா?

லேடெக்ஸில் (கட்டளைகள் எழுதி ஆவணம் உருவாக்கும் மென்பொருள்) நீண்ட அறிக்கை ஒன்று எழுதுகிறேன். நேற்று அமைப்பின் பெயரை மாற்றிவிட்டார்கள். 'சங்கம்' என்று தேடினால் 'சங்கத்தின்', 'சங்கத்தில்' எல்லாம் தப்பிவிடுகின்றன, ஒவ்வொன்றாகத் திருத்தியே ஒரு மாலை போய்விட்டது. சொந்தக் கட்டளை உருவாக்கும் நியூகமாண்ட் வைத்து, பெயருக்கு ஒரு கட்டளை அமைத்துப் பார்த்தேன், அடுத்து வரும் இடைவெளியை விழுங்கிவிடுகிறது.

பதில் 1:
கட்டளைப் பெயருக்குப் பின் வரும் இடைவெளியை லேடெக்ஸ் அப்படித்தான் விழுங்கும், வெற்று நெளிவு அடைப்பு போட்டால் சரியாகிவிடும். ஆனால் தமிழுக்கு இன்னும் நல்ல வழி, கட்டளைக்கு ஓர் உள்ளீடு கொடுத்து 'சங்க' வரை மட்டும் அதில் வைத்துக்கொள்வது. 'ம்', 'த்தின்', 'த்தில்' எதுவோ அதை அடைப்புக்குள் எழுதுங்கள். இடைவெளியும் தப்பிக்கும்.

பதில் 2:
அருமையான யோசனை, 'கழகம்' என்று மாறினாலும் தாங்கும். 'குழு' ஆனால்தான் சிக்கல், 'குழுத்தின்' என்று வந்து நிற்கும். அதனால் எழுவாய்க்கு ஒன்று, 'இன்' உருபுக்கு ஒன்று, 'இல்' உருபுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கட்டளைகள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிதான்.

பதில் 3:
வேர்டில் எழுதுபவர்களுக்கு: பெயரை ஓர் இடத்தில் புக்மார்க் செய்து, மற்ற இடங்களில் அதைச் சுட்டும் கிராஸ் ரெஃபரன்ஸ் போடுங்கள். மாற்றியதும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்த வேண்டும், தானாக மாறாது. பக்கத்தின் மேல் வரும் ஹெடர் பகுதியில் இருந்தால் அங்கே போய்த் தனியாக அழுத்துங்கள்.