கோடிங் பாடத்தோடு வரும் ஃபைனல் கோடைத் திறக்கலாமா, கூடாதா?

வலைநெசவு:
வெப் டெவலப்மென்ட் கோர்ஸ்களில் பாடத்துக்குப் பாடம் தொடக்க நிலை கோடு ஸ்டார்ட்டர், ஆசிரியர் முடித்த கோடு ஃபைனல் என்று இரண்டு ஃபோல்டர்களை, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட்டரை எடுங்கள், ஃபைனலைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. எரர் வந்ததும் அதிலிருந்து காப்பி அடித்தால் பக்கம் ஓடும், கை பழகாது. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வெறும் கோப்பைத் திறந்து தனியாக எழுத உட்காரும்போதுதான் ஒன்றும் வராது.

கோடுப்புழு:
இதை ஏற்க முடியாது. விட்டுப்போன ஒரு அடைப்புக்குறியைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் என்ன கற்றுக்கொள்கிறோம்? வேலை முடிந்து மிச்ச நேரத்தில் படிக்கிறவர்கள் அங்கேயே கோர்ஸை விட்டுவிடுவார்கள். திறங்கள், ஆனால் ஒப்பிட மட்டும். கோடு எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் இரண்டு கோப்புகளையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ‘கம்பேர் செலக்டட்’ இருக்கும். மாறுபட்ட வரிகள் மட்டும் நிறத்தோடு தெரியும்.

வலைநெசவு:
வித்தியாசம் தெரியும், சரி. காரணம்? பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை, பிரவுசரின் கன்சோலில் ‘நல்’ (எதுவும் இல்லை) என்று எரர். ஒப்பிட்டால் ஆசிரியரின் ஸ்க்ரிப்ட் டேகில் ‘டிஃபர்’ (பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓடு என்னும் குறிப்பு) கூடுதலாக இருக்கிறது. சேர்த்தால் ஓடிவிடும், நீங்களும் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவீர்கள். பக்கத்தின் தலைப்பகுதியான ஹெட்டுக்குள் இருக்கும் ஸ்க்ரிப்ட், பிரவுசர் பாடியைப் படிப்பதற்கு முன்பே ஓடிவிட்டது, அந்த நேரத்தில் பக்கத்தில் பட்டனே இல்லை, அதனால்தான் பட்டனைத் தேடிய கெட்எலிமென்ட்பைஐடி நல்லைத் தந்தது. இதைத் தானே துருவிக் கண்டுபிடித்தவர் அடுத்த முறை நல் எரர் வந்தால் எங்கே பார்ப்பது என்று தெரிந்துவைத்திருப்பார்.

கோடுப்புழு:
டிஃபர் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்? அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் வெப் டெவலப்மென்ட் கையேட்டுத் தளமான எம்டிஎன்னில் போய்ப் படிக்க முடியும். படித்ததும் அதை நீக்கிவிட்டு மறுபடி உடைத்துப் பாருங்கள், காரணம் மறக்காது. துருவ வேண்டும் என்பதில் உங்களோடு சண்டையில்லை. துருவ ஒரு நுனி வேண்டும் என்கிறேன்.

இரவுவாசி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரியாக்ட் ஆப்களில் பக்கம் மாற்ற உதவும் பேக்கேஜான ரியாக்ட் ரவுட்டரின் 6ஆம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தபோது ‘ஸ்விட்ச்’ போய் ‘ரவுட்ஸ்’ வந்தது. 2020இல் எடுத்த வீடியோவைப் பார்த்துக்கொண்டு இன்று அந்த பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால் புதிய பதிப்புதான் இறங்கும். ஆசிரியர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் எரர் வரும். அங்கே எவ்வளவு துருவினாலும் உங்கள் கோடில் தப்பு கிடைக்காது. ஆசிரியரின் பேக்கேஜ்.ஜேசன் கோப்பையும், பதிப்பு எண்களைப் பதிந்துவைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பையும் எடுத்து வைத்து டெர்மினலில் ‘என்பிஎம் சிஐ’ கொடுங்கள், அவர் பயன்படுத்திய அதே பதிப்புகள் இறங்கும். ஃபைனல் ஃபோல்டரைத் திறக்காமல் இது எப்படி முடியும்?

வலைநெசவு:
இது நியாயம். பேக்கேஜ் கோப்புகளை முதல் நாளே எடுத்துக்கொள்ளலாம். ஜாவாஸ்க்ரிப்ட் பாடத்துக்கு வரும், பக்கத்தின் தோற்றத்துக்கான நீளமான சிஎஸ்எஸ் கோப்பையும் அப்படியே எடுக்கலாம், அதைக் கையால் அடிப்பது வீண் வேலை. ஆனால் பாடம் எதைப் பற்றியதோ அந்தக் கோப்பை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், உங்கள் முயற்சியை கிட்டில் கமிட் செய்த (பதிந்துவைத்த) பிறகுதான் திறக்க வேண்டும்.

கோடுப்புழு:
கமிட் செய்த பிறகு என்றால் எனக்குச் சம்மதம். ஓடாத கோடையும் கமிட் செய்யலாம் என்பதை மட்டும் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள், பலர் அதற்கே பயப்படுகிறார்கள்.